எஸ்ஐஆர் நேரத்தில் ஆத்தாவின் ஓட்டுக்காக நான் பட்ட பாடு

வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கும் எஸ்ஐஆர் (சிறப்புத் தீவிரத் திருத்தம்) வேலைக்குப் பிறகு, 2025 டிசம்பர் 19-ஆம் தேதி தமிழ்நாட்டின் வரைவு வாக்காளர் பட்டியல் வந்தது. அன்று சாயங்காலமே என் ஆத்தாவின் (அம்மாவின்) பெயரைத் தேடிப் பார்த்தேன், இல்லை. நீக்கப்பட்டவர்கள் பட்டியல் தனியாகப் போட்டிருந்தார்கள், அதில் இருந்தது. எதிரே காரணம்: நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர். ஆத்தாவுக்கு 87 வயது. காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் எங்கள் வீட்டின் பின்கட்டிலிருந்து வாசல்படி இறங்குவதற்கே என் தோளைப் பிடித்தாக வேண்டும். அவர் எங்கே குடிபெயர்ந்து போனார்? மாநிலம் முழுக்க ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் போயிருந்தன. அதில் 66 லட்சத்துக்கும் மேல் இந்தக் 'குடிபெயர்ந்தவர்' கணக்கில்தான். உண்மையாகவே ஊரைவிட்டுப் போனவர்கள் அதில் நிறைய இருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆத்தாவைப் போல வீட்டுக்குள்ளேயே இருந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

முதலில் எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சிக்கல் செட்டிநாட்டுப் பக்கம் பல ஊர்களில் வரும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு புள்ளிக்கும் (குடும்பத்துக்கும்) ஒரு உள்வீடு. சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று எல்லோரும் போய்விட்டார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் முகப்புக் கதவு திறக்கும். நானும் ஆத்தாவும் பின்கட்டில் இருக்கிறோம், புழக்கமெல்லாம் பின்வாசல் வழிதான். வாக்காளர் பட்டியலிலோ கதவு எண் முகப்புக்கு உரியது. கணக்கெடுக்க வந்த பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) முகப்பில் பூட்டைப் பார்த்திருக்கிறார். அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறார். "அந்த வீட்டுல யாரும் இல்ல, எல்லாரும் மெட்ராஸ்ல இருக்காக" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதவு எண்ணில் இருந்த பங்காளிகள் பெயர்களோடு ஆத்தா பெயரும் சேர்ந்து போய்விட்டது.

அந்த பிஎல்ஓ அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கிய வேலையை ஒரு மாதத்துக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள், பிறகு தவணையை நீட்டி டிசம்பர் 14 வரை கொண்டுபோனார்கள். நடுவில் வருவாய்த்துறை ஊழியர்கள் வேலைப்பளு தாங்காமல் நவம்பர் 18 முதல் புறக்கணிப்பு அறிவித்தார்கள். மாதக் கடைசியில் டிட்வா புயல் மழை வேறு. என் சொந்த ஓட்டு மதுரையில், கணவர் இருந்த காலத்து முகவரியில். அங்கே படிவம் வந்தது, கொடுத்தாகிவிட்டது. ஆத்தாவுக்கு மட்டும் படிவம் வரவே இல்லை. கேட்டபோதெல்லாம் "வரும் ஆச்சி, வீடு வீடா வந்துக்கிட்டிருக்காக" என்றார்கள். இணையத்தில் போடலாம் என்று முயன்றேன். ஆதாரில் இருக்கும் பெயரும் வாக்காளர் அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் அது ஏற்கும். அட்டையில் ஆத்தா பெயரோடு, எங்கள் பக்கம் பெண்களுக்கு மரியாதைக்குச் சொல்லும் 'ஆச்சி' ஒட்டியிருக்கிறது, ஆதாரில் இல்லை. அத்தோடு அந்த வழி அடைபட்டது.

இதே நாட்களில் தொலைக்காட்சியைத் திறந்தால் எஸ்ஐஆர் தவிர வேறு பேச்சில்லை. திமுக நவம்பர் 2-ஆம் தேதி அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டி உச்ச நீதிமன்றம் போவதாகத் தீர்மானம் போட்டது. ஏழை, சிறுபான்மையினர் ஓட்டைப் பறிக்கும் வேலை என்றது. அதிமுக அதே உச்ச நீதிமன்றத்தில் எஸ்ஐஆர் வேண்டும் என்று நின்றது. செத்தவர்கள் பெயரிலும் போலிப் பெயரிலும் விழும் ஓட்டை ஒழிக்கத்தான் என்று பாஜகவும் சொன்னது. பீகாரில் ஆகஸ்ட் மாத வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் காணாமல் போனதையும், யார் யார் பெயர் எந்தக் காரணத்தால் போனது என்று வெளியிடும்படி நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்ததையும் ஒரு தரப்பு எடுத்துக் காட்டியது. ஊடுருவல்காரர்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்று இன்னொரு தரப்பு திரும்பத் திரும்பச் சொன்னது.

அந்த 'ஊடுருவல்' என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். காரணம், ஆத்தா பிறந்தது ரங்கூனில். ஐயா, அதாவது ஆத்தாவின் அப்பா, அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்திக்கொண்டிருந்தவர். 1941 டிசம்பர் கடைசியில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அதற்குச் சில மாதம் முன்பே ஆயா (ஆத்தாவின் அம்மா), ஆத்தாவையும் தூக்கிக்கொண்டு கப்பலேறி ஊர் வந்து சேர்ந்துவிட்டார். ஆத்தாவுக்கு அப்போது மூன்று வயது. இங்கேயே வளர்ந்து, இங்கேயே வாக்கப்பட்டு, 1962 தேர்தலிலிருந்து விடாமல் ஓட்டுப் போட்டவர். 2019-இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்து நாடே இரண்டுபட்டபோதும், "பர்மாவுல பொறந்தவகளை என்ன செய்வாக?" என்று ஆத்தா என்னைக் கேட்டார். அந்தச் சட்டத்தில் இருந்தவை பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுதான், பர்மா இல்லை. அது நம்மைப் பற்றிய சட்டமே இல்லை என்று விளங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வரைவுப் பட்டியலில் பெயர் இல்லை என்று தெரு முழுக்கத் தெரிந்ததும் கட்சிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். நவம்பர் முழுக்க எட்டிப் பார்க்காதவர்கள். முதலில் வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, "ஆத்தா பர்மாவுல பொறந்தவுகதானே, அதனாலதான் தூக்கியிருக்கான். இது டெல்லியில போட்ட திட்டம்" என்றார். ஆத்தா காதில் விழும்படி சொன்னார். அன்று ராத்திரி ஆத்தா சாப்பிடவில்லை. அடுத்த நாள் எதிர்த்தரப்பில் ஒருவர் வந்து, "உண்மையான வாக்காளரா இருந்தா எதுக்கு ஆச்சி பயம்? தப்பானவுக பேருதான் போகும்" என்றார். அப்படியானால் என் ஆத்தா யார்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு பேருக்குமே நீக்கப்பட்டோர் பட்டியலில் போட்டிருந்த காரணம் தெரியாது. அதை ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. பூட்டிய முகப்புக் கதவுதான் காரணம் என்று நான் சொன்னபோது, இருவருமே அதை நம்ப விரும்பவில்லை. அவர்கள் சொல்ல வந்த கதைக்கு அது உதவாது.

இதற்குப் பின்னால் மேலே இருப்பவர்கள் நோக்கம் என்ன என்று என்னால் சொல்ல முடியாது. சந்தேகம் எனக்கும் நிறைய உண்டு, இரண்டு பக்கத்தின் மீதும். தேர்தலுக்குச் சில மாதம் இருக்கும்போது இத்தனை அவசரமாக ஏன் செய்தார்கள் என்று கேட்பேன். ஓட்டைக் காக்கிறோம் என்று மேடையில் முழங்கியவர்களின் ஆட்கள் எங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை என்றும் கேட்பேன். கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்கள் ஒரு நாளைக்கு 50 படிவம் வரை வாங்கிக் கொடுக்கலாம் என்று ஆணையம் அனுமதித்திருந்தது. வரைவுப் பட்டியல் வருவதற்கு முன்பே அதைச் செய்திருக்கலாமே. நோக்கத்தைத் தோண்டிப் பார்க்க நமக்கு வழியில்லை, ஆனால் வீட்டுக்கு வந்து நிற்பவரிடம் மூன்று கேள்வி கேட்க வழி உண்டு. வாக்காளர் பட்டியலில் இந்தப் பகுதியின் பாகம் எண் என்ன? என் படிவத்தை வாங்கிப்போய் யார் கையில் கொடுப்பீர்கள்? அதற்கு அத்தாட்சி எப்போது என் கைக்கு வரும்? முதல் ஆள் மூன்றுக்கும் பதில் சொல்லாமல், ஆத்தாவை வைத்து ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். இரண்டாமவர் என் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்றார். அதையும் சொல்லவில்லை. படிவம் வாங்க வரும் பிஎல்ஓவுக்கு உங்கள் ஓடிபி எதற்கும் தேவையில்லை. யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், கட்சித் துண்டு போட்டிருந்தாலும், தெரிந்த பையனாக இருந்தாலும்.

தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். போனில் சொன்னதும், "விடு ஆச்சி, ஒரு ஓட்டுத்தானே, இந்த வயசுல எதுக்கு அலையிற" என்றான். அவன் மீது எனக்கு இன்னும் வருத்தம்தான். பட்டியலில் பெயர் இல்லை என்ற செய்தி வந்த நாளிலிருந்து ஆத்தா, "நான் இந்த ஊருக்காரி இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இவன் ஓட்டைப் பற்றிப் பேசினான், ஆத்தா கேட்டது வேறு.

வரைவில் விடுபட்டவர்கள் படிவம் 6 கொடுக்க வேண்டியிருந்தது, கூடவே எஸ்ஐஆருக்கான உறுதிமொழிப் படிவமும். படிவம் 6 என்பது புதிய வாக்காளருக்கானது. 18 வயதுப் பிள்ளைகள் நிரப்பும் தாளில் 87 வயது ஆத்தாவின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் அதுதான் வழி. திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. ஒருவர் பெயரை நீக்கச் சொல்வதற்குப் படிவம் 7. கணினி மையத்தில் இருந்த பையன் படிவம் 8 போடலாம் என்று சொல்லி 300 ரூபாய் வாங்கிக்கொண்டான். பட்டியலிலேயே இல்லாத பெயருக்குத் திருத்தம் எடுபடவில்லை, திரும்ப முதலிலிருந்து. இன்னொரு தரகர், பழைய பட்டியலில் பெயர் தேடி எடுத்துத் தர 1,500 ரூபாய் வாங்கினார். அந்தப் பட்டியல் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாருக்கும் இலவசம் என்று அதற்குப் பிறகுதான் ஒருவர் சொல்லித் தெரிந்தது. படிவம், பட்டியல், விண்ணப்பம் எதற்கும் ஒரு பைசா கிடையாது.

பழைய பட்டியல் விஷயம் முக்கியம். தமிழ்நாட்டில் இதற்கு முன்னால் தீவிரத் திருத்தம் நடந்தது 2002, 2005 ஆண்டுகளில். அந்தப் பட்டியலில் நம் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்தால் வேலை பெரிதும் எளிதாகும். ஆனால் 2008-இல் தொகுதி மறுவரையறை நடந்து எல்லைகளும் பாக எண்களும் மாறிப்போயின. இப்போதைய பாக எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்காது. அந்தக் காலத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டீர்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், அந்தச் சாவடியின் பாகத்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். பெயர் போட்டுத் தேடுவதும் எங்கள் பக்கம் சரிவராது. எங்கள் விலாசம் (பெயருக்கு முன் போடும் இனிஷியல்) வேறு மாதிரி: 'ராம.', 'மெ.', 'சித.', 'அரு.' என்று அசையாகவே எழுதுவோம், ஐயாவுடையதும் (தாத்தா) அப்பச்சியுடையதுமாக (அப்பா) இரண்டு மூன்று சேர்ந்து வரும். ஒரு பட்டியலில் அது முழுசாக இருக்கும், இன்னொன்றில் ஒற்றை எழுத்து இருக்கும், மற்றொன்றில் ஒன்றுமே இருக்காது. பிள்ளை கூட்டிக்கொண்ட (தத்தெடுத்த) வீடுகளில் தகப்பனார் பெயரே இரண்டு. ஆத்தாவைக் கடைசியில் நான் கண்டுபிடித்தது அவர் பெயரை வைத்து அல்ல, அப்பச்சி பெயரை 'கணவர்' கட்டத்தில் பார்த்துத்தான். 'ஆச்சி' இல்லாமல், ஒரு எழுத்தும் பிசகி இருந்தது. அந்தப் பக்கத்தை, பாகம் எண், வரிசை எண் தெரியும்படி அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்து நின்றது பிறந்த இடம். கணக்கெடுப்புப் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. படிவம் 6-இன் உறுதிமொழியில் இருக்கிறது: நான் இந்தியக் குடிமகன், பிறந்த ஊர் இது, மாவட்டம் இது, மாநிலம் இது என்று. கணினி மையத்துப் பையன், "கோட்டையூர்னு போட்ருங்க ஆச்சி, யாரு பாக்கப் போறா" என்றான். தரகரும் அதையே சொன்னார். அரைநாள் எனக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது, ரங்கூன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆத்தாவை நானே மாட்டிவிடுவேனோ என்று. ஆனால் பொய் உறுதிமொழிக்கு 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆத்தாவின் கையெழுத்துக்கு மேலே பொய்யை எழுத எனக்கு மனமும் இல்லை. ரங்கூன், பர்மா என்றே எழுதினேன்.

என் துணிச்சலுக்குக் காரணம், காரைக்குடியில் அப்பச்சிக்குத் தெரிந்த வயசான வக்கீல் ஒருவர். அவர்தான் அரசியலமைப்புச் சட்டத்தின் 5-ஆவது உறுப்பை எனக்குப் படித்துக் காட்டினார். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, அதாவது 1950 ஜனவரி 26 அன்று, இந்தியாவை நிலையான வசிப்பிடமாகக் கொண்டிருந்தவர்களில், இங்கே பிறந்தவர் மட்டுமல்ல, பெற்றோரில் ஒருவர் இந்திய மண்ணில் பிறந்திருந்தாலும் அவர் குடிமகன். அதற்கு முன் ஐந்தாண்டுக்குக் குறையாமல் இங்கே வழக்கமாக வசித்திருந்தாலும் குடிமகன். ஐயாவும் ஆயாவும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். ஆத்தாவும் அதற்கு எட்டு ஆண்டுக்கு மேலாக இங்கேதான் இருந்தார். வக்கீல் ஐயா காசு வாங்கவில்லை. பர்மா, மலேயா, இலங்கையில் பிறந்து சின்ன வயதிலேயே ஊர் திரும்பிய பெரியவர்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் இந்த 5-ஆவது உறுப்பை ஒரு தாளில் எழுதி ஆவணங்களோடு வைத்துக்கொள்ளட்டும். திண்ணையில் உட்கார்ந்து பயமுறுத்திய ஆள் இதைச் சொல்லவில்லை, தைரியம் சொன்ன ஆளும் சொல்லவில்லை.

ஆவணம் என்று பார்த்தால் ஆத்தாவிடம் பிறப்புச் சான்று கிடையாது, பள்ளிச் சான்று கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்கள் தங்களுக்கான ஆவணம் ஒன்றைக் கொடுத்தால் போதும், பெற்றோருடையது வேண்டாம். ஆணையம் சொன்ன ஆவணப் பட்டியலில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது: 1987 ஜூலை 1-க்கு முன் அரசு, உள்ளாட்சி, வங்கி, அஞ்சலகம், எல்ஐசி ஏதாவது ஒன்று கொடுத்த அட்டையோ ஆவணமோ செல்லும். இதைப் படித்ததும் பெட்டகத்தைத் திறந்தேன். பழைய பட்டுச் சேலைகளுக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றி, ஆத்தாவின் அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம் இருந்தது. அட்டை நைந்து, ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. உள்ளே முதல் பக்கத்தில் ஆத்தாவின் பெயர், அப்பச்சி பெயர், ஊர். கீழே வட்ட முத்திரையில் 1979 என்பது தெளிவாகத் தெரிந்தது. தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அதன் நகல், ஆதார், பழைய பட்டியலின் பக்கம், வாக்காளர் அட்டை எல்லாம் வைத்துக் கொடுத்தேன். ஆதார் ஆளை அடையாளம் காட்டும், குடியுரிமைக்கு அது சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

தை பிறந்ததும் நேரில் வரச் சொன்னார்கள். கார் வைத்து ஆத்தாவைக் கூட்டிப்போனேன். வரிசையில் என் ஆத்தாவைவிட மூத்தவர்கள் இருந்தார்கள். உட்கார நாற்காலி போதவில்லை, வெயிலில் நின்றவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டில் வந்து பார்க்கும்படி முன்னமே எழுதிக் கேளுங்கள், நான் வாய்மொழியாகக் கேட்டதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. உள்ளே இருந்த அதிகாரி இளம்பிள்ளை. 'ரங்கூன்' என்பதைப் பார்த்துவிட்டு, "இது எப்படிம்மா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் ஆத்தா, "எங்கப்பச்சி தொழிலுக்குப் போயிருந்தாக தம்பி, நான் அங்க பொறந்தேன், மூணு வயசுல வந்துட்டேன்" என்றார். அஞ்சலகப் புத்தகத்தின் மூலத்தையும், 5-ஆவது உறுப்பு எழுதிய தாளையும் எடுத்து வைத்தேன். அவர் படித்தார், பழைய பட்டியலின் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார், குறிப்பு எழுதினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வரும்போது சமர்ப்பித்த தாள்களுக்கு ஒப்புகை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கார்த்திகை, தை இரண்டும் எனக்குப் பலகாரத் தொழிலில் சம்பாத்திய மாதங்கள். கல்யாணத்துக்கு மணகோலம், அதிரசம், சீப்புச்சீடை என்று கேட்டு வருவார்கள். அலைச்சலில் இரண்டு கல்யாண வீட்டு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். விட்ட வருமானம், கார், ஆட்டோ, நகல், தரகர் எல்லாம் சேர்த்தால் 25,000 ரூபாய்க்குக் குறையாது. அந்தப் பணத்தை ஈடுகட்ட எந்தக் கட்சியும் வரப்போவதில்லை.

ஆத்தாவின் விண்ணப்பம் ஏற்கப்பட்டுப் பெயர் சேர்ந்துவிட்டது. சேராமல் போயிருந்தாலும் வழி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாக்காளர் பதிவு அலுவலர் நிராகரித்தால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முதல் மேல்முறையீடு, அவரும் மறுத்தால் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது. உத்தரவை எழுத்தில் வாங்கினால்தான் இந்த நாள் கணக்கைக் காட்ட முடியும், வாய்வார்த்தையாகச் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். முகப்பு ஒரு தெருவிலும் புழக்கம் ஒரு தெருவிலுமாக இருக்கும் வீட்டுக்காரர்கள், பின்வாசலில் கதவு எண்ணை எழுதி, குடியிருப்பவர் பெயரையும் ஒட்டி வையுங்கள். நான் எங்கள் வீட்டுக்கு எழுதிவிட்டேன். பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் அயித்தை ஒருவரின் பெயரும் இதே காரணத்தால் போயிருக்கிறது, அடுத்த வாரம் அவருடைய தாள்களை எடுத்துக்கொண்டு போகிறேன்.